தேஜாங்கும் பார்த்துவிட்டு வீட்டில் ஜாங் போட்டேன், பூத்துப்போனது, சரிசெய்தேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சமையல் பெரிதாக வராது. சோறு, ரசம், முட்டைப்பொரியல், இந்த மூன்றை வைத்துக்கொண்டே கொரியாவின் தேஜான் நகரத்தில் மூன்று குளிர்காலத்தைத் தள்ளியவன். அப்படிப்பட்டவன் சோயாவை வேகவைத்து, இடித்து, கட்டி பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருந்து துவென்ஜாங் என்ற சோயா விழுதைச் செய்தேன் என்றால் அதற்கு ஒரு டிவி தொடர்தான் காரணம். நடுவில் அது கெட்டுப்போகப் பார்த்ததே, அப்போது என்னைத் தப்பான இடத்தில் தேடவிட்டதும் அதே தொடர்தான்.

தொடரின் பெயர் 'தேஜாங்கும்'. 2003 செப்டம்பரிலிருந்து 2004 மார்ச் வரை கொரியாவின் எம்பிசி டிவியில் வந்தது, மொத்தம் 54 அத்தியாயம், லீ யங்-ஏ நடித்தது. பதினாறாம் நூற்றாண்டில், ஜுங்ஜோங் ராஜா காலத்தில், அரண்மனைச் சமையலறைக்குச் சின்னப் பெண்ணாக வந்து சேர்ந்து, பிறகு ராஜாவுக்கே வைத்தியம் பார்க்கும் பெண்ணின் கதை. ஜாங்கும் என்ற பெண் வைத்தியரைப் பற்றி அந்தக் காலத்து அரசக் குறிப்புகளில் சில வரிகள் உண்டு, மற்றதெல்லாம் கதை கட்டியது. எனக்குப் பிடித்தது முதல் பாதி, அந்தச் சமையலறைப் பகுதி. ஹான் சாங்குங் என்ற சமையலறைப் பெண் அதிகாரி அந்தக் குழந்தையிடம் "குடிக்கத் தண்ணீர் கொண்டு வா" என்று நாள் கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார், எதைக் கொண்டு போனாலும் போதாது, கடைசியில் குழந்தை 'வயிறு வலிக்கிறதா, தொண்டை வலிக்கிறதா' என்று கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்த தண்ணீரைக் கொண்டுவரும். பாத்திரம், கத்தி எதுவும் இல்லாமல் சமையல் பாடம். சாப்பாட்டு விஷயத்தில் இந்தத் தொடர் ஏனோதானோ என்று எடுத்ததில்லை. அதற்கு ஆலோசனை சொன்ன ஹான் போக்-ரியோ அரண்மனைச் சமையல் பரம்பரையில் வந்தவர், அவருடைய அம்மா ஹ்வாங் ஹே-சொங், ஜோசன் அரச வம்சத்து அரண்மனையின் கடைசிச் சமையலறைப் பெண்மணியான ஹான் ஹுய்-சுன்னிடம் நேராகக் கற்றுக்கொண்டவர்.

சரி, ஜாங்குக்கு வருவோம், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது, சாஸ் எல்லாமே ஜாங்தான். தொடரில் ஒரு கட்டத்தில் அரண்மனை ஜாங்கின் ருசி மாறிவிடும். அங்கே அது சாதாரண விஷயம் இல்லை, நாட்டுக்கே கெட்ட சகுனம் என்று எல்லோருக்கும் கிலி பிடித்துவிடும். சோயாவைப் பார்ப்பார்கள், உப்பைப் பார்ப்பார்கள், ஜாடியைப் பார்ப்பார்கள், எதிலும் குறை இருக்காது. கடைசியில் ஜாங்கும் கண்டுபிடிப்பது, ஜாடிகளுக்குப் பக்கத்தில் இருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள், மரத்திலிருந்து ஜாடிக்குள் விழுந்துகொண்டிருந்த பூந்தூள் இப்போது விழுவதில்லை என்பதை. இதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஆய்வகத்தில் நான் செய்வதும் அதுதானே, ஒரு மாதிரி சரியாக வரவில்லை என்றால் எது மாறியது என்று தேடுவது.

அடுத்த நாளே மாடிவீட்டு ஹல்மொனியிடம், அதாவது பாட்டியிடம், போய் ஜாங் போட வேண்டும் என்றேன். வீட்டுக்காரம்மா அவர், எண்பதை நெருங்குகிறார், என்னைச் "சொங்கக்" என்றுதான் கூப்பிடுவார், கல்யாணம் ஆகாத பையனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கடையில் வாங்கிக்கொள்" என்றார். ஒரு நிமிஷம் விட்டு, "சோயா எத்தனை கிலோ?" என்றார்.

இரண்டு கிலோ. 2024 நவம்பர், குளிர் தொடங்குகிற இப்தோங் முடிந்த வாரம். மேஜு பிடிக்க அதுதான் காலம், வெயிலும் ஏறாது, தண்ணீரும் உறையாது. மேஜு என்றால் வெந்த சோயாவை மசித்துச் செங்கல் மாதிரி பிடித்த கட்டி. அதை உப்புநீரில் ஊறப்போட்டால் நீர் கன்ஜாங் என்ற சோயா சாஸ் ஆகும், கட்டி துவென்ஜாங் ஆகும், ஒரே ஜாடியில் இரண்டும். ராத்திரி முழுக்க ஊறிய சோயா நாலு கிலோவுக்கு மேல் வந்து நின்றது. ஊரிலிருந்து கொண்டுவந்த அஞ்சு லிட்டர் குக்கர் இருக்கிறதே என்று முக்கால் குக்கருக்குப் போட்டு அடுப்பேற்றினேன். சோயாவுக்கு நுரை அதிகம், தோலும் கழன்று மேலே வரும், இரண்டும் சேர்ந்து விசில் ஓட்டையை அடைத்துக்கொண்டன. விசில் வரவே இல்லை, குக்கர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. செய்கிறவர்கள் அரைக் குக்கருக்கு மேல் போடாதீர்கள், முதல் கொதியில் நுரையை எடுத்துவிட்டு மூடுங்கள். நாலு தடவையாக வேகவைத்தேன். கட்டை விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் நசுங்க வேண்டும், அதுதான் பதம். சுண்டுவிரலுக்கு வலு கிடையாது என்பதால் அந்தச் சோதனையாம், ஹல்மொனி சொன்னது.

சூடு ஆறுவதற்குள் மசிக்க வேண்டும். முழுசாக மையாகவும் ஆக்கக் கூடாது, பாதிப் பருப்பு தெரிய வேண்டும். பால் அட்டைப்பெட்டியை அச்சாக வைத்து, துணி விரித்து, மேலே ஏறி மிதித்து மூன்று கட்டி எடுத்தேன். மூன்று நாள் வைக்கோல் மேல் வைத்து வெளிப்பக்கம் காய்ந்ததும் வைக்கோல் புரியால் கட்டித் தொங்கவிட்டேன். வைக்கோல் அழகுக்கு இல்லை. நெல் வைக்கோலில் பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா குடியிருக்கிறது, அது கட்டிக்குள் இறங்கித்தான் புரதத்தை உடைக்கிறது. காற்றிலிருந்து வந்து உட்காரும் பூஞ்சைகள் மிச்ச வேலையைச் செய்கின்றன. இந்தப் பருவத்தில் வைக்கோல் கட்டு இணையத்தில் விற்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் மாட்டுக்குப் போடுகிறதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரியரில் வாங்கினேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதற்கப்புறம் வாசனை. ஈரச் சாக்ஸை நாலு நாள் ஷூவுக்குள் வைத்திருந்தால் எப்படி, அப்படி. கொரிய வீடுகளில் தரைக்கடியில் சூடு ஓடும் என்பதால் அறை இளஞ்சூடாகவே இருக்கிறது, அது மேஜுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் கோட்டுக்கும் பிடித்துவிட்டது, ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "உன் வீட்டில் பாட்டி இருக்கிறாரா?" என்று கேட்டார். மேஜு தொங்கிக்கொண்டிருந்த அதே டிசம்பரில்தான் கொரியாவின் ஜாங் செய்யும் பழக்கத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த செய்தி வந்தது. என் அறைக்கு அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை.

ஜனவரி கடைசியில் கட்டிகளை இறக்கினேன். வெளியில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்திருந்தால் நல்லது. இரண்டு அப்படி இருந்தன. மூன்றாவதில் ஒரு வெடிப்பு, பிளந்து பார்த்தால் நடுவில் கருநீலம், கையில் பிசுபிசுப்பு. சரியாக அமுக்காமல் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாமா என்று கேட்கலாம், வேண்டாம், தூக்கிப் போடுங்கள். நான் போட்டேன், வயிறு எரிந்தது. மிச்சம் இரண்டு கட்டி, 1.2 கிலோ.

ஜாங்கை நினைத்த நாளில் போடக் கூடாது, சந்திர ஆண்டின் முதல் மாதத்தில் குதிரை நாள் பார்த்துப் போட வேண்டும் என்று ஹல்மொனி நாட்காட்டியைத் திருப்பினார். 2025 பிப்ரவரி 18 வந்தது. செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் எதையும் தொடங்காத அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்குக் கட்டிகளைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன், ராத்திரி ஜாடியில் போட்டேன். எட்டு லிட்டர் ஒங்கி ஜாடி. ஒங்கி என்பது மூச்சு விடும் மண்பாண்டம், பழைய சாமான் சந்தையில் வாங்கும்போது நம் ஊரில் பானை வாங்குகிற மாதிரியே விரலை மடக்கித் தட்டிப் பார்த்து ஹல்மொனிதான் தேர்ந்தெடுத்தார்.

தண்ணீர் 4 லிட்டர். உப்பு 18 சதவீதம் வர வேண்டும், கணக்குப்படி 880 கிராம் கல்லுப்பு. இங்கேதான் தப்பு செய்தேன், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். பழைய முறையில் தராசு கிடையாது, உப்புநீரில் ஒரு முட்டையைப் போடுவார்கள், தண்ணீருக்கு மேல் தெரிகிற வட்டம் 500 வொன் நாணயம் அளவுக்கு இருந்தால் உப்பு போதும். எனக்கு இது அவ்வளவு பிடித்துவிட்டது. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே போனேன், 600 கிராமிலேயே முட்டை எழும்பி வந்து, நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சு அசல் அதே அளவு. அடடா, கணக்கு தப்பு, பாட்டிமார்கள் சரி என்று நினைத்து மிச்சம் 280 கிராமை டப்பாவில் போட்டு மூடினேன். கனன்ற கரித்துண்டு இரண்டு, காய்ந்த மிளகாய் மூன்று, காய்ந்த இலந்தை நாலு மேலே மிதக்கவிட்டேன். ஜாடி வயிற்றில் காகிதத்தில் வெட்டிய காலுறை வடிவத்தைத் தலைகீழாக ஒட்டுவதும் வழக்கம், கெட்டது அண்டாதாம். கரியும் மிளகாயும் பார்த்ததும் நம் ஊர்க் கடைவாசலில் எலுமிச்சம்பழத்தோடு கோத்துத் தொங்கவிடுவது ஞாபகத்துக்கு வந்தது. எந்த ஊர்க் கண் யாரைப் பட்டதோ.

ஜாடியை என் வீட்டு பால்கனியில் வைத்தேன். வடக்குப் பார்த்தது, கண்ணாடி போட்டு மூடியது.

மார்ச் 12. மூடியைத் திறந்தால் மேலே வெள்ளைப் படலம், பாலாடை மாதிரி, சுருக்கம் விழுந்து. கோல்மாஜி என்கிறார்கள். வாசனையும் மாறியிருந்தது, புளிப்பும் பெயிண்ட்டும் கலந்த மாதிரி. உடனே வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அம்மா வீடியோவில் ஒரு நொடி பார்த்தாள். "ஏலே, ஈரக்கைய விட்டியா?" என்றாள். திருநெல்வேலியில் நார்த்தங்காய் ஜாடிக்கு என்ன ஆனாலும் முதல் கேள்வி அதுதான். விடவில்லை என்று சத்தியம் பண்ணினேன்.

எனக்கோ தொடர் தலைக்கேறியிருந்தது. குறை சோயாவில் இருக்காது, உப்பில் இருக்காது, இடத்தில்தான் இருக்கும், மரம் வெட்டிய கதை. பால்கனியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று மூன்று நாள் குறித்தேன், அநேகமாகப் பூஜ்யம். ஹல்மொனியிடம் கெஞ்சி, மொட்டைமாடியில் அவருடைய அஞ்சு ஜாடி நிற்கிற ஜாங்தொக்தே என்ற ஜாடி மேடையில் ஓரமாக ஒரு இடம் வாங்கினேன். படலத்தை எடுத்துவிட்டு ஜாடியைக் கட்டிப்பிடித்து மூன்று மாடி தூக்கினேன், காலையில் திறந்து சாயங்காலம் மூடினேன், நல்ல வெயில், நல்ல காற்று, ஜாங்கும் பார்த்தால் மெச்சியிருப்பாள். நாலாவது நாள் படலம் திரும்ப வந்து நின்றது.

அன்றைக்குத்தான் ஹல்மொனி குனிந்து என் ஜாடிக்குள் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், துப்பினார். இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "முட்டை எப்போ வாங்கினது?" என்றார்.

எப்போ வாங்கினேன்? சந்திரப் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னாடி. அப்போ ஜாடி போடும்போதே அதற்கு மூன்று வாரத்துக்கு மேல் வயசு. முட்டை பழசாக ஆக ஓட்டின் வழியே ஈரம் போய், உள்ளே காற்றறை பெரிதாகும், அதே முட்டை லேசாகும், அதனால் உப்பு குறைவான தண்ணீரிலும் மிதக்கும். கெட்ட முட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நம் வீட்டிலும் நடக்கிற விஷயம்தான். அடர்த்தி அளப்பதே தொழிலாக இருக்கிறவன் நான். நம்பாமல் கீழே போய் அன்றைக்கு வந்த முட்டை வாங்கி, 600 கிராம் உப்பைப் புதிதாக 4 லிட்டரில் கரைத்துப் போட்டுப் பார்த்தேன். மேலே தெரிந்தது 10 வொன் நாணயம் அளவு, பொத்தான் மாதிரி. இன்னும் 280 கிராம் போட்டதும் அதே முட்டை 500 வொன்னுக்கு வந்தது. என் ஜாடியில் இருந்தது 13 சதவீதம், அதுவும் உப்பே இல்லாத மேஜு ஊறி இன்னும் இறங்கியிருக்கும். படலம் வராமல் என்ன செய்யும்?

சரிசெய்தது இப்படி. படலத்தைக் கரண்டியால் முழுசாக எடுத்தேன், ஓரத்தில் ஒட்டியதைத் துணியால் துடைத்தேன். நீரை மெல்லிய துணியில் வடிகட்டினேன், இரண்டரை லிட்டர்தான் வந்தது, மிச்சத்தை மேஜு குடித்துவிட்டிருந்தது. டப்பாவில் தூங்கிய 280 கிராமை அதில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டேன், நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பொங்கினால் அடுப்பு நாசம். ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். கட்டிகளின் மேல்பக்கத்தை உப்புநீரில் அலசினேன். ஜாடியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்ததும் ஹல்மொனி அதைக் கவிழ்த்து, அடியில் வைக்கோலைக் கொளுத்தி உள்ளே புகையும் சூடும் ஏற்றினார், இது ஜாங்குக்கு முன்னாடியே செய்திருக்க வேண்டியது, நான் அவசரத்தில் விட்டிருந்தேன். எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, மேஜு மிதந்து தலை நீட்டாமல் இருக்க மூங்கில் குச்சியைக் குறுக்கே கொடுத்து, நீட்டிய இடத்தில் ஒரு கை உப்பைத் தூவினேன். ஆறாவது நாளும் தெளிவாக இருந்தது. பத்தாவது நாள் நீர் தேன் நிறத்துக்கு வரத் தொடங்கியது. அப்புறம் படலம் வரவே இல்லை.

இடம் மாற்றியது வீண் என்று சொல்ல மாட்டேன், அந்தக் கண்ணாடிப் பால்கனியில் எதுவும் உருப்பட்டிருக்காது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. தொடரில் அவர்கள் அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் மரத்துக்கு வருகிறார்கள், நான் அந்த இரண்டு நிமிஷத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு, நீரையும் கட்டியையும் பிரிக்கும் நாள். அதற்குப் பெயர் ஜாங் கருகி. முதல் தடவை ஹல்மொனி மாடிப்படியில் நின்று "கருகி, கருகி" என்று கூப்பிட்டபோது அடுப்பில் எதையோ விட்டுவிட்டேன் என்று ஓடினேன். கன்ஜாங் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக வந்தது, கொதிக்கவைத்துப் புட்டியில் ஊற்றினேன். கட்டிகளைக் கையால் பிசைந்து, இறுகலாக இருந்ததால் கொஞ்சம் கன்ஜாங்கே விட்டுத் தளர்த்தி, ஜாடியில் காற்று இல்லாமல் அமுக்கி, மேலே உப்பும் கடல்பாசித் தகடும் போட்டு மூடினேன். பிசையும்போது வாசனை முழுசாக மாறிப்போயிருந்தது. சாக்ஸ் போய்விட்டது, காய்ந்த காளானும் வெல்லமும் சேர்ந்த மாதிரி ஏதோ ஒன்று. கைகளில் இரண்டு நாள் நின்றது, கழுவ அவசரப்படவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் பைன் பூந்தூள் வந்தது. பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது, கார், ஜன்னல், செருப்பு, எல்லாவற்றிலும் மஞ்சள்தூள் கொட்டிய மாதிரி இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை மொட்டைமாடிக்குப் போனால் ஆறு ஜாடிகளின் மூடியும் மஞ்சள். ஹல்மொனி ஈரத்துணியோடு தன் அஞ்சையும் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொடரில் வந்த அந்த மரம் கண்ணுக்குள் நின்றது, அவர் கீழே இறங்கியதும் என் ஜாடி மூடியை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். அதனால் ருசி ஏறியதா என்று கேட்டால், ஒரே ஜாடிதான், ஒப்பிட எதுவும் இல்லை. இதை ஹல்மொனியிடம் இதுவரை சொல்லவில்லை.

அக்டோபரில் திறந்தேன். ஒரு கரண்டி எடுத்து, சுரைக்காய் மாதிரி இருக்கும் அந்தப் பச்சைப் பூசணியும் டோஃபுவும் போட்டு ஜிகே என்ற குழம்பு வைத்தேன். கடைத் துவென்ஜாங்கில் முதலில் ஒரு இனிப்பு நாக்கில் படும், இதில் அது இல்லை, உப்பும் கசப்பும் முதலில் வந்து, விழுங்கிய பிறகு பின்நாக்கில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் துணிந்து ரசத்திலும் அரைக் கரண்டி கரைத்தேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், நன்றாக இருந்தது.

ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஹல்மொனி சுட்டுவிரலால் தொட்டு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "உப்பு ஜாஸ்தி" என்றார். கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்தார். இரண்டு வாரம் ஆகிறது, கிண்ணம் இன்னும் வரவில்லை.